இரண்டு படைகள், ஒரு கணக்கெடுப்பு

நேபாள இராணுவத்துக்குக் கைதட்டுவதைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்வோமா? செப்டம்பர் 2025க்குப் பிறகு நம் இலக்கிய நண்பர்களின் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இளைஞர்கள் ஊழல் அரசாங்கத்தை இரண்டே நாளில் கவிழ்த்தார்கள். இராணுவம் பொறுமை காத்தது, மக்கள் பக்கம் நின்றது, நாற்காலியில் தான் உட்காராமல் முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரை உட்கார வைத்துவிட்டு நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டது. "பாருடா, ஆர்மின்னா இப்படி இருக்கணும்." மாமாக் கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் இதை மூன்று பேராவது சொல்லிவிடுகிறார்கள். ஒன் பீஸ் கொடியைப் பகிர்ந்த அதே கைதான் தளபதியின் படத்தையும் பகிர்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 8ஆம் தேதி, சமூக ஊடகத் தடையையும் ஊழலையும் எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரே நாளில் 19 பேர் செத்தார்கள். மறுநாள் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எல்லாம் எரிந்தன. பிரதமர் கே.பி. ஒலி பதவி விலகினார். அன்றிரவு பத்து மணிக்குத்தான் இராணுவம் பாதுகாப்பைத் தன் கையில் எடுத்தது. அடுத்த சில நாட்கள் இளைஞர் பிரதிநிதிகளைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது இராணுவத் தலைமையகம். 12ஆம் தேதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார்.

எனக்கு உறுத்துவது அந்தப் பேச்சுவார்த்தை நடந்த இடம். இராணுவத் தலைமையகம் இருக்கும் பத்ரகாளியிலிருந்து சிங்க தர்பாருக்கு நடந்தே போகலாம். பகல் முழுக்க அது எரிந்தபோது வராத படை இரவு பத்து மணிக்கு ஏன் வந்தது என்பது முதல் கேள்வி. ஒரு நாட்டின் அடுத்த பிரதமர் யார் என்பதை ஒரு படைத் தலைமையகத்தில் உட்கார்ந்து பேசவேண்டிய நிலை எப்படி வந்தது என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்குப் பதில் 2025இல் இல்லை, 2006க்கும் 2012க்கும் நடுவில் இருக்கிறது. நேபாளத்தின் உள்நாட்டுப் போரை முடித்துவைத்தவர்கள் இரண்டு படைகளைச் சீர்படுத்துவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு படையை மட்டும் எண்ணிக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். உலகம் அதற்கு "வெற்றிகரமான சமாதானம்" என்று பெயர் வைத்தது. நான் சண்டை போடுவது அந்தப் பெயரோடுதான்.

மாவோவாதிகளின் போர் 1996 பிப்ரவரி 13ஆம் தேதி தொடங்கியது. 2006 நவம்பர் 21ஆம் தேதி விரிவான சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. இடையில் ஏறத்தாழ 17,000 உயிர்கள். காணாமல் போனவர்கள் 1,300 பேருக்கு மேல். ரோல்பா, ருக்கும் மலைக் கிராமங்களில் தொடங்கிய சண்டையை முதல் ஐந்து வருடங்களுக்குப் பெரும்பாலும் போலீஸ்தான் எதிர்கொண்டது. 2001 நவம்பரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் இறங்கிய பிறகுதான் சாவு எண்ணிக்கை தாவியது. இரண்டு பக்கமும் கொன்றார்கள், கடத்தினார்கள். ஆனால் கொல்லப்பட்டவர்களில் பெரும்பகுதி அரசுத் தரப்பால் கொல்லப்பட்டவர்கள். காட்மாண்டுவின் மகாராஜ்கஞ்ச் முகாமில் 2003இல் பைரவநாத் பட்டாலியனின் பிடியிலிருந்து 49 பேர் காணாமல் போனதை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2006 மே மாதத்திலேயே அறிக்கையாக எழுதி வைத்துவிட்டது.

பிறையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் வாசலில் இரவு ஜாகா பார்க்கும் அண்ணன் ஒருவர் ரோல்பாக்காரர். போரைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். "டுவா டுவா டாத்தாங், மாக்கான்" என்பார். இரண்டு பேரும் வந்தார்கள், வீட்டில் சாப்பிட்டார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

சமாதானம் வந்ததும் எண்ண ஆரம்பித்தார்கள். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்த கணக்கு, ஏனென்றால் கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. பெரிதும் சிறிதுமாக 28 முகாம்களில் மாவோவாதி வீரர்களாகப் பதிந்துகொண்டவர்கள் 32,250 பேர். ஐ.நா. குழு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேர்காணல் செய்தது. நேர்காணலுக்கே வராதவர்கள் 8,640 பேர். தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் 4,008 பேர். மிச்சம் 19,602. அதில் பெண்கள் 3,846. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் பெண். ஆயுதங்களும் எண்ணப்பட்டு, பட்டைக்குறி ஒட்டப்பட்டு, கொள்கலன்களில் பூட்டப்பட்டன. நியாயமாகச் சொல்வதென்றால் இராணுவமும் ஈடான எண்ணிக்கையில் ஆயுதங்களைப் பூட்டி வைத்தது, முகாம்களுக்குள் இருக்க ஒத்துக்கொண்டது. அதோடு சரி.

அந்த 4,008 பேரைக் கொஞ்சம் பாருங்கள். அதில் 2,973 பேர் போர்நிறுத்தத்தின்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். சிறுவர்கள், சிறுமிகள். சரிபார்ப்பு 2007 இறுதியில் முடிந்தும், இவர்களை முகாம்களிலிருந்து வெளியே அனுப்ப 2010 ஆகிவிட்டது. அவர்களுக்குக் கொடுத்த பெயர் "அயோக்ய". நேபாளியில் தகுதியற்றவர் என்றுதான் அர்த்தம். நம் தமிழில் அதே சமஸ்கிருதச் சொல் எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். நேபாளத்திலும் அந்தச் சொல் அவர்களைச் சுட்டது. பிள்ளைகளைப் படையில் சேர்த்தவர்கள் அமைச்சர்கள் ஆனார்கள். சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அயோக்யர்களாக வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பெயரை நீக்கச் சொல்லிப் பல வருடங்கள் போராடினார்கள்.

மற்ற 19,602 பேருக்கு என்ன ஆனது? ஐந்து வருடம் முகாமில் காத்திருந்தார்கள். 2011 நவம்பர் 1ஆம் தேதி ஏழு அம்ச ஒப்பந்தம் வந்தது. அதிகபட்சம் 6,500 பேரை இராணுவத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வழக்கமான படைப்பிரிவுகளில் இல்லை. காடு பாதுகாப்பு, தொழிற்சாலைப் பாதுகாப்பு, கட்டுமானம், பேரிடர் வேலை ஆகியவற்றுக்கென்று ஒரு புதிய இயக்குநரகம். அதிலும் 65 விழுக்காடு பழைய இராணுவத்தினர், 35 விழுக்காடு முன்னாள் போராளிகள். சேர விரும்புவதாக முதலில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதூக்கினார்கள். படிப்புச் சான்றிதழ் கேட்டார்கள், வயது பார்த்தார்கள், பதவி எது என்று இழுத்தார்கள். கடைசியில் உள்ளே போனவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதவிக்கேற்ப 5 லட்சத்திலிருந்து 8 லட்சம் நேபாள ரூபாய் வரைக்கும் வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். பலர் அந்தப் பணத்தில் ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வளைகுடாவுக்கும் நம் நாட்டுக்கும் விமானம் ஏறினார்கள்.

இது பாதிக் கதை. மறுபாதியைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை. சமாதான உடன்படிக்கையில் இராணுவத்துக்கும் ஓர் இடம் இருந்தது. அதன் ஆள்பலம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும், எல்லாச் சமூகத்தவரும் அதில் இருக்கவேண்டும், ஜனநாயகத்துக்கும் மனித உரிமைக்கும் ஏற்றபடி பயிற்சி கொடுக்கவேண்டும். 2007இன் இடைக்கால அரசியலமைப்பும் இதைத் திருப்பிச் சொன்னது. போருக்கு முன்னால் நாற்பத்தைந்தாயிரம் சொச்சமாக இருந்த இராணுவம் போர் முடியும்போது ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. போர் முடிந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. போருக்காக ஊதிய படை இளைக்கவில்லை. போருக்காகவே 2001இல் உருவாக்கிய ஆயுதப் போலீஸ் படையும் அப்படியே இருக்கிறது. 2006இல் மாறியது பெயர்ப்பலகை. "ராயல்" என்ற சொல்லை எடுத்தார்கள், மன்னரின் தலைமைப் பதவியைப் பறித்தார்கள், புதிய இராணுவச் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். அது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் மன்னரிடமிருந்து பறித்த சாவி யார் கைக்குப் போனது? அமைச்சரவையின் கைக்குப் போனது என்று சட்டம் சொல்கிறது. 2009 மே மாதத்தில் அதற்கு ஒரு சோதனை வந்தது.

அந்த மே மாதம் எனக்கு நினைவிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. வீட்டில் எந்நேரமும் முள்ளிவாய்க்கால் செய்திதான். பெரியவர்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதே மாதம் நேபாளத்தில் என்ன நடந்தது என்று கவனிக்க நமக்கு மனமும் இல்லை, நேரமும் இல்லை. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. இப்போது கவனிக்கலாம்.

அப்போது பிரதமர் பிரசண்டா. தளபதி ருக்மாங்கத் கட்டவால், மன்னர் மகேந்திராவின் ஆதரவில் வளர்ந்தவர். தளபதி ஆவதற்கு முன்பு புனைபெயரில் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதியவர் என்பது நம் வட்டாரத்துக்குச் சுவாரசியமான தகவல். ஆள் எடுக்காதே என்று பாதுகாப்பு அமைச்சகம் சொல்ல, இராணுவம் ஏறத்தாழ 3,000 பேரை எடுத்தது. எட்டு பிரிகேடியர் ஜெனரல்களுக்குப் பணி நீட்டிப்பு இல்லை என்று அரசு முடிவெடுக்க, அதிலும் தகராறு. தேசிய விளையாட்டுப் போட்டியில் மாவோவாதி வீரர்கள் கலந்துகொள்கிறார்கள் என்று இராணுவ அணி விலகிக்கொண்டது. மே 3ஆம் தேதி பிரசண்டா தளபதியைப் பதவிநீக்கம் செய்தார். அன்றிரவே குடியரசுத் தலைவர் ராம் பரண் யாதவ், நீங்கள் பதவியிலேயே இருங்கள் என்று தளபதிக்குக் கடிதம் கொடுத்தார். மே 4ஆம் தேதி வேலையை விட்டவர் பிரதமர்.

"மாவோவாதிகள் இராணுவத்தையே கைப்பற்றத் திட்டம் போட்டார்கள், தளபதியைக் காப்பாற்றியதால்தான் நாடு தப்பித்தது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. பிரசண்டா ஒன்றும் புனிதர் கிடையாது. அதே வாரம் வெளியான சக்திகோர் முகாம் வீடியோவில், எங்களிடம் உண்மையில் இருந்தது ஏழெட்டாயிரம் பேர்தான், முப்பத்தைந்தாயிரம் என்று காட்டினோம் என்று தன் ஆட்களிடமே பெருமையடித்தவர். ஆனால் வாதம் எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள். ஒரு பிரதமர் மோசமானவர் என்பதால் தளபதியை நீக்கும் அதிகாரம் எந்தப் பிரதமருக்கும் வேண்டாம் என்றா முடிவெடுப்பது? அவரைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அதைவிட்டு, நல்லவர் யார் கெட்டவர் யார் என்று தீர்மானிக்கும் வேலையைத் தளபதியின் மேசைக்கு அனுப்பினார்கள். 2025 செப்டம்பரில் இளைஞர்கள் போய் உட்கார்ந்தது அதே மேசைக்கு எதிரேதான்.

கட்டளை யாருடையது என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தப்பு செய்தால் யார் விசாரிப்பது என்பது. 2004 பிப்ரவரியில் காவ்ரே மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கு இராணுவத்தினர் ஒரு பெண்ணைத் தேடிப் போனார்கள். அவர் வீட்டில் இல்லை. பதினைந்து வயது மகள் மைனா சுனுவார் இருந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீரில் முக்கினார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள். செத்துப்போனாள். முகாமுக்குள்ளேயே புதைத்தார்கள். அது எந்த முகாம் தெரியுமா? பாஞ்ச்கால். ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் நேபாள வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் இருக்கும் இடம்.

2005இல் இராணுவ நீதிமன்றம் மூன்று அதிகாரிகளுக்குக் கொடுத்த தண்டனை ஆறு மாதம். அதுவும் கொலைக்காக இல்லை, நடைமுறையைச் சரியாகப் பின்பற்றாததற்காக. விசாரணையின்போது முகாமுக்குள் இருந்த நாட்களை அதில் கழித்துவிட்டு அனுப்பினார்கள். சிவில் நீதிமன்றம் 2008இல் கைது ஆணை பிறப்பித்தது. அதில் பெயர் இருந்த ஒரு மேஜரை அதற்குப் பிறகும் ஐ.நா. பணிக்காக சாட் நாட்டுக்கு அனுப்பி வைத்தது இராணுவம். 2009 டிசம்பரில் ஐ.நா. அவரைத் திருப்பி அனுப்பியபோது, போலீசிடம் ஒப்படைக்காமல் தன் பாதுகாப்பில் வைத்துக்கொண்டது. 2017 ஏப்ரலில் காவ்ரே மாவட்ட நீதிமன்றம் அந்த மேஜரை விடுவித்து, மற்ற மூவருக்கும் ஆயுள்தண்டனை விதித்தது. தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது மூவரில் ஒருவரும் அங்கே இல்லை. இராணுவம் என்ன செய்தது? தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எங்களுடைய நீதிமன்றம் ஏற்கனவே விசாரித்துவிட்டது, உங்களுடையது எதற்கு என்பதுதான் அதன் வாதத்தின் சாரம்.

உலகத்தில் ஐ.நா.வுக்கு மிக அதிகமாக வீரர்களை அனுப்பும் நாடுகளில் ஒன்று நேபாளம். ஐ.நா. நினைத்திருந்தால் இந்த ஒரு பிடியை வைத்தே நிறைய செய்திருக்கலாம். ஒரு மேஜரைத் திருப்பி அனுப்பியதோடு அது கடமையை முடித்துக்கொண்டது.

பணமும் அப்படித்தான். காட்மாண்டுவையும் தெற்குச் சமவெளியையும் இணைக்கும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் விரைவுச்சாலையை 2017இல் அரசாங்கம் யாரிடம் கொடுத்தது? இராணுவத்திடம். நான்கு வருடத்தில் முடிய வேண்டியது இன்னும் முடியவில்லை. எங்கள் துறையில் குத்தகையாளர் ஒரு வாரம் தாமதித்தால் தினக்கணக்கில் அபராதம் போட்டுத் தாளித்துவிடுவோம். துப்பாக்கி வைத்திருக்கும் குத்தகையாளருக்கு யார் அபராத நோட்டீஸ் அனுப்புவது? நலநிதி என்ற பெயரில் பெட்ரோல் நிலையம்வரைக்கும் நடத்தும் ஒரு படை, நாடாளுமன்றத்தின் பட்ஜெட்டுக்காக ஏன் காத்திருக்கப்போகிறது?

எந்த நாட்டில்தான் முழுசாகச் செய்தார்கள் என்று கேட்பீர்கள். லைபீரியாவில் 2003இல் போர் முடிந்ததும் அரசுப் படையையே மொத்தமாகக் கலைத்துவிட்டுப் புதிதாக எடுத்தார்கள். 2,000 பேர்தான். விண்ணப்பித்தவர்களின் புகைப்படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டி, இவர் உங்களுக்கு ஏதாவது அநியாயம் செய்திருக்கிறாரா என்று கேட்டார்கள். அதிலும் ஓட்டை உண்டு. வேலையைச் செய்தது டைன்கார்ப் என்ற அமெரிக்கத் தனியார் கம்பெனி. லைபீரிய நாடாளுமன்றத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. இராணுவத்துக்குக் கிடைத்த பணமும் கவனமும் போலீசுக்குக் கிடைக்கவில்லை. நான் அதை முன்மாதிரி என்று சொல்லவரவில்லை. ஆனால் "உன் முகத்தைக் காட்டு, ஊர் சொல்லட்டும்" என்ற கேள்வியை அரசுத் தரப்பு வீரர்களிடமும் கேட்க முடியும் என்பதற்கு அது சாட்சி. நேபாளத்தில் நேர்காணலுக்கு வரிசையில் நின்றவர்கள் ஒரு தரப்பினர் மட்டும்தான்.

இலங்கையோடு ஒப்பிடாதே என்று சிலர் சொல்வார்கள். அங்கே ஒரு தரப்பை அழித்தார்கள், இங்கே பேசி முடித்தார்கள், இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை. அந்த வித்தியாசத்துக்கு ஆயிரக்கணக்கான உயிர்களின் விலை உண்டு. ஆனால் போருக்குப் பிறகு எஞ்சியதைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் போர்க்கால அளவிலேயே இருக்கும் அரசுப் படை, தன் ஆட்களைத் தானே விசாரித்துக்கொள்ளும் படை, வியாபாரத்திலும் கால்வைத்த படை. இலங்கை பற்றி இதைச் சொன்னால் உடனே தலையாட்டும் நம் நண்பர்கள், நேபாளம் என்றதும் தளபதி படத்துக்கு இதயக்குறி போடுகிறார்கள். அங்கே செத்தவர்கள் நம் ஆட்கள் இல்லை என்பதாலா?

நம் வாசிப்பிலும் கோளாறு இருக்கிறது. போர் என்றால் நமக்குக் கவிதையும் ஒப்பாரியும் பதுங்குகுழியும்தான். போர் முடிந்த மறுநாளிலிருந்து கதை சலிப்பாகிவிடுகிறது. இராணுவச் சட்டத்தின் பிரிவு, நிலைக்குழுவின் அதிகாரம், கணக்காய்வு அறிக்கை என்று யாராவது பேசினால் எழுத்தாளர் சந்திப்பில் பாதிப் பேர் பலகாரத் தட்டுப் பக்கம் போய்விடுவார்கள். நம் நாட்டில் போலீசைக் கண்காணிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று 2005இல் அரச ஆணையம் பரிந்துரைத்தது. பதினெட்டு வருடம் இழுத்து, தண்டிக்கும் அதிகாரத்தை உருவிவிட்டு, 2023இல் ஓர் ஆணையத்தைக் கொண்டுவந்தார்கள். தடுப்புக்காவல் மரணம் பற்றி நம்மிடம் எத்தனை கவிதைகள் இருக்கின்றன! அந்தச் சட்டத்தை வரிவரியாக வாசித்து எழுதிய கட்டுரை ஒன்றைக் காட்டுங்கள். போரே நடக்காத நாட்டில் நம் நிலைமை இது.

செப்டம்பர் 8ஆம் தேதி குண்டுபட்டுச் செத்த பிள்ளைகளின் வயதில் பலர் போர் முடியும்போது கைக்குழந்தைகள். அவர்கள் எதிர்கொண்ட போலீஸ், 2006இல் மாற்றுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாற்றாமல் விட்ட அரசின் போலீஸ். இதை அவர்களில் சிலர் நம்மைவிட நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். சுட்டது யார், உத்தரவு யாருடையது என்று விசாரணை கேட்டார்கள். அதற்கு ஓர் ஆணையமும் அமைத்திருக்கிறார்கள். 2026 மார்ச் 5ஆம் தேதி தேர்தல் என்று நாள் குறித்தார்கள்.

போர்க்காலக் குற்றங்களுக்கும் ஆணையங்கள் உண்டு. 2014இல் சட்டம் வந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதன் பொதுமன்னிப்புப் பிரிவுகளைச் செல்லாதென்றது. திருத்தச் சட்டம் நிறைவேற 2024 ஆகஸ்ட் ஆனது. புதிய ஆணையர்கள் 2025 மே மாதம் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் மேசையில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் காத்திருக்கின்றன. நான்கு மாதம் கழித்து உச்ச நீதிமன்றம் எரிந்தது, ஏராளமான வழக்குக் கோப்புகள் அதோடு போயின. பத்ரகாளியில் இருக்கும் தலைமையகம் எரியவில்லை. மகாராஜ்கஞ்சிலிருந்து காணாமல் போன 49 பேரைப் பற்றிய பதில் ஏதாவது காகிதத்தில் இருந்தால், அது இராணுவத்திடம்தான் இருக்கவேண்டும். தளபதியின் படத்தைப் பகிர்பவர்கள், கீழே அதையும் ஒரு வரி கேட்டு எழுதலாம்.